புள்ளி என்னும் குடும்பப் பெயர்

நேற்று நம் அலுவலகத்தில் ஒரு புள்ளியின் எதிர்காலம் குறித்து இறுதி முடிவு எடுக்கப்பட்டது. காலையில் தொடங்கிய கூட்டம் மதியச் சாப்பாடு வரை நீடித்தது. வைட்ஃபீல்டு கிளையிலிருந்து இருவர் பெங்களூர்ப் போக்குவரத்தைப் பொருட்படுத்தாமல் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நேரில் வந்திருந்தார்கள். விஷயத்தின் கனம் அதிலிருந்தே உனக்குப் புரியும். புள்ளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிறு கோடு போடலாம் என்றது ஒரு தரப்பு. கோடு பார்வைக்குச் சுத்தமாம். பெயரையே இரண்டு தடவை எழுதலாம் என்றது இன்னொரு தரப்பு. எதுவுமே போடாமல் விடலாம் என்று சொன்னவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு வழக்கம்போல் என்னுடையது. நான் எழுதிய கடைசி வரி: ‘புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும்.’

அது நீ வைத்த புள்ளி. உனக்குத் தெரிவிப்பதுதான் முறை. நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். உன் அலுவலக மின்னஞ்சல் முகவரியை மூடிவிட்டார்கள். ஆகவே இப்படி எழுதுகிறேன்.

நம் வேலை என்னவென்று கேட்கும் என் ஊர்க்காரர்களுக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. ஒரு நிறுவனம் பல வருடமாகச் சேர்த்துவைத்த தகவலை அதன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வேறு யாருடைய கம்ப்யூட்டரிலோ கொண்டுபோய் வைப்பது. அந்த வேறு யாரோவுக்குத்தான் கிளவுட் என்று பெயர். நீ இன்னும் சுலபமாகச் சொல்வாய்: “பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், குரு. வண்டி மட்டும் கண்ணுக்குத் தெரியாது.”

பெங்களூருக்கு வந்த புதிதில் என்னை யாராவது ‘குரு’ என்றால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். இங்கே ஆட்டோக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீதான் சொல்லிக் கெடுத்தாய். நீ விவேக் நகரில் பிறந்தவன். உன் தாத்தாவும் அங்கேயே பிறந்தவர். தமிழில் தொடங்கிய வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பாய். உன் அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால் ஓர் ஆங்கில ‘ஏ’ இருந்தது.

“‘ஏ’ன்னா என்னடா?”

“அம்மா.”

விளையாடுகிறாய் என்று நினைத்தேன். உன் அம்மாவின் பெயர் ஆரோக்கியமேரி என்றும், அப்பா என்ற ஆள் நீ பள்ளிக்கூடம் சேருமுன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டதால் இனிஷியல் காலியாக இருந்ததென்றும் பிறகு தெரிந்தது. அதை நீ துக்கமாகச் சொல்லவில்லை. காலி மனை ஒன்றை விவரிப்பதுபோல் சொன்னாய்.

பிறகு அந்த ஆஸ்பத்திரி வந்தது. நகரத்தில் பல கிளைகள் உள்ள ஆஸ்பத்திரி. அதன் பழைய கம்ப்யூட்டர் சவ அறைக்கு அடுத்த அறையில் இருந்தது; கட்டடத்திலேயே ஏசி நிற்காத பகுதி அதுதான். அதிலிருந்த நோயாளிகள் எல்லாரையும் கிளவுடுக்கு ஏற்ற வேண்டும். பழையதில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். புதியதில் இரண்டு: முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டையும் நிரப்பாவிட்டால் ஆளை உள்ளே விடாது. கடைசிப் பெயர் என்ற ஒன்று உலகத்தில் எல்லாருக்கும் இருக்கும் என்று நம்பிய யாரோ எங்கேயோ அதைச் செய்திருந்தார்கள். இனிஷியலோடு நிறுத்திக்கொள்ளும் கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர்களை அவர்கள் சந்தித்ததில்லை.

நம் மேலாளர் மஞ்சுநாத் சார் ஒரு வழி சொன்னார். அப்பா பெயரோ கணவர் பெயரோ பழைய பதிவில் இருக்கிறதே, அதை எடுத்துக் கடைசிப் பெயராகப் போட்டுவிடலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நீ மட்டும், “வேணாம் சார், ஒரு புள்ளி வச்சிட்டுப் போலாம். புள்ளி யாரோட அப்பனும் கெடையாது” என்றாய். அவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டால் சம்மதம் என்பது அவர் வழக்கம். அன்று முதல் அந்த ஆஸ்பத்திரியின் கணக்கில் பெங்களூரின் மிகப் பெரிய குடும்பம் புள்ளிக் குடும்பம் ஆயிற்று.

நேரடியாக ஏற்றுவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, முழு ஒத்திகை. எல்லாம் ஏறியது. அறிக்கை பச்சையாக இருந்தது. ஏறின நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் புறப்பட்டதைவிடக் குறைவு. அதற்கும் பச்சைதான். ‘நகல்கள் நீங்கின, தகவலின் தரம் உயர்ந்தது’ என்று அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தது.

சோதித்துப் பார்க்கும் வேலை உன்னுடையது. யார் பெயரைத் தேடுவது என்று வரும்போது எல்லாரும் செய்வதையே நீயும் செய்தாய். வீட்டு ஆளைத் தேடினாய்.

“குரு, இங்க வா. எங்கம்மாக்கு முட்டி வலியா?”

“எனக்கெப்படிடா தெரியும்?”

“எனக்கும் தெரியாது. ஆனா இதுல இருக்கு. பென்சிலின் ஆகாதுன்னு பழசுல இருந்துச்சே, அது எங்க போச்சு?”

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாய். “ம்மா, உனக்கு முட்டி வலிக்குதா?”

“எனக்கின்னாடா முட்டி வலி? அது பின்சந்து மேரிக்கு. போன வாரம்கூட ஆஸ்பத்திரி போய்ட்டு வந்தா. இன்னாத்துக்குக் கேக்கறே? மீன் வாங்கட்டா, வேணாமா?”

மீன் விஷயத்தை அப்படியே விட்டுப் போனை வைத்தாய். விவேக் நகரில் ஆரோக்கியமேரி என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு சன்னல் திறக்கும். அதில் இரண்டு பேருக்கு, உன் அம்மாவுக்கும் பின்சந்து மேரிக்கும், ஒரே வயது. பிறந்த தேதி தெரியாமல் வயதை மட்டும் சொன்னவர்களுக்குப் பழைய கம்ப்யூட்டர் தானாகவே ஜனவரி ஒன்று என்று போட்டுவந்திருக்கிறது. அதை நம்பினால் விவேக் நகரில் பாதிப்பேர் புத்தாண்டு அன்று பிறந்தவர்கள். முதல் பெயரும் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று, கடைசிப் பெயர் இரண்டு பேருக்குமே புள்ளி. மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள், சேர்த்துவிடு என்பது நாம் எல்லாரும் கையெழுத்திட்ட விதி. சேர்க்கும்போது எது கடைசியாக எழுதப்பட்டதோ அதுவே செல்லும். பின்சந்து மேரிக்கு எந்த மருந்தும் ஒவ்வாமல் போனதில்லை. அதனால் கம்ப்யூட்டர் கணக்கில் இனி உன் அம்மாவுக்கும் எதுவும் ஒவ்வாமல் போகாது.

அந்த மருந்தின் ஓர் ஊசியால் உன் அம்மா ஒருமுறை மூச்சு நின்று பிழைத்தவர் என்பது எனக்கும் தெரியும். நீ திரையில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, “ஒரே ஆள் ரெண்டா இருந்தா தொல்ல, குரு. ரெண்டு ஆள் ஒண்ணாயிட்டா கொல” என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீ சர்ச்சிலிருந்து நேராக வந்தாய், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். மேசைமேல் கேக் தயாராக இருந்தது, வாழ்த்தும் எழுதியாகிவிட்டது. இந்த மாதிரிக் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்பார்கள், ஏற்றலாம் என்றால் ‘கோ’, வேண்டாம் என்றால் ‘நோ கோ’ என்று சொல்ல வேண்டும். இரண்டாவதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்பதுபோன்ற சடங்கு அது. கோ, கோ, கோ என்று மேசையைச் சுற்றி வந்து உன்னிடம் நின்றது.

“நோ கோ, சார்.”

நீ சொல்லி முடிக்கும்வரை மஞ்சுநாத் சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், கன்னடம் கலந்து, ஆரம்பித்தார்.

“ஏனப்பா, புள்ளி யார் ஐடியா?”

“என்னோடது சார்.”

“ரூல்ல யார் சைன் பண்ணது?”

“எல்லாரும் சார். நானும்.”

“மத்தே? அப்பறம் என்ன?”

“தப்பு சார். அதான் நோ கோ.”

“எத்தன பேருக்கு ஹிங்கே, இந்த மாதிரி, ஆகும்? பர்சன்டேஜ் சொல்லு.”

“இப்பத்திக்கு ஒரு ஆள் தெரியும் சார். எங்கம்மா. மீதிய எண்ணிப் பாக்க டைம் குடுங்க.”

“கிளையன்ட்டுக்குப் போன் பண்ணி நான் உங்கம்மா பேரையா சொல்றது?”

“சொல்லுங்க சார். அவங்களும் அங்க பேஷன்ட்தான்.”

சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்ததும் ஒத்திவைப்பு என்று அறிவித்தார். கேக் மட்டும் திட்டமிட்டபடி வெட்டப்பட்டது. உனக்கு ஒரு துண்டை யாரும் எடுத்துத் தரவில்லை. நீயே எடுத்துக்கொண்டாய்.

அதன் பிறகு நீ அந்த விதியை மாற்றி எழுதினாய். கடைசிப் பெயர் புள்ளியாக இருந்தால் இயந்திரம் தானாக யாரையும் யாரோடும் சேர்க்கக் கூடாது. கவுன்டரில் இருப்பவர் ஆளைக் கேட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும். அடுத்த தடவை ஏற்றியபோது போனவர்கள் எல்லாரும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தார்கள். வேலை முடிந்ததும் வந்த நன்றி மின்னஞ்சலில் எல்லார் பெயரும் இருந்தது. கேக் கடையைக்கூடக் குறிப்பிட்டிருந்தார்கள். நீ அப்போது பெஞ்சில் இருந்தாய். அதாவது சம்பளம் வரும், வேலை தர மாட்டார்கள். கழிவறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வழியில் உட்கார்ந்திருக்கும் உன்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு வைட்ஃபீல்டுக்கு மாற்றினார்கள். “பஸ்லயே பாதி ஆயுசு போவுது குரு” என்று சிரித்தாய். மீதியைக் கணையத்தில் வந்த கட்டி எடுத்துக்கொண்டது.

அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தாய். நான் பார்க்க வந்தபோது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார்கள். அதில் உன் பெயர், ஓர் இடைவெளி, பிறகு ஒரு புள்ளி. கையைத் தூக்கிக் காட்டினாய். தூக்குவது சிரமமாக இருந்தது.

“பாத்தியா? ஏ-வ விட்டுட்டாங்க. முற்றுப்புள்ளி மட்டும் கரெக்டா வந்திருக்கு.”

எனக்குச் சிரிக்க வரவில்லை. நீ சிரித்து முடிக்கும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றைய கூட்டத்துக்கு வருகிறேன். புள்ளி அசிங்கமாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் புதிதாக வந்தவர்கள் புகார் செய்திருந்தார்கள். புள்ளி போனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உன் விதியும் போகும். புள்ளி ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நிரலைத் திறந்தார்கள். விதிக்கு மேலே ஆங்கில எழுத்தில் நீ ஒரு தமிழ்க் குறிப்பு விட்டுவைத்திருந்தாய்: ‘புள்ளி இருந்தா சேக்காத. ஆளக் கேளு.’ வைட்ஃபீல்டிலிருந்து வந்தவர்கள் அதை ஏதோ கருவியின் பெயர் என்று எண்ணி இணையத்தில் தேடினார்கள். நான் மொழிபெயர்த்தேன். இரண்டு மேரிகளின் கதையையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு நான், “எடுத்துவிடலாம், யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?” என்றேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்தது. முடிவு அப்படித்தான் எடுக்கப்பட்டது. அது உன் நினைவுக்குச் செலுத்திய மரியாதை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ நம்ப வேண்டாம்.

மாதா மாதம் அம்மாவைச் சர்க்கரை பார்க்க அழைத்துப் போவது இப்போது நான்தான். பிளாஸ்டிக் பையில் அவர் மருந்துச் சீட்டுகள்; பையைத் தூக்குவது என் வேலை. ‘இன்னா தம்பி, எளைச்சிப் போய்ட்டே’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். நான் இளைத்ததே இல்லை. யாரிடம் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும் என்பதால் ‘ஆமாம்மா’ என்று சொல்லிவிடுகிறேன்.

இன்று காலையும் போயிருந்தோம். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, “யாவ ஆரோக்யமேரி?” என்று கன்னடத்தில் கேட்டாள்: எந்த ஆரோக்கியமேரி? பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். அம்மா அவசரப்படவில்லை. “பென்சிலின் ஆகல்ல, ஆ மேரி” என்றார்; பென்சிலின் ஆகாதே, அந்த மேரி. அந்தப் பெண் தட்டினாள், சரிபார்த்தாள், உட்காரச் சொன்னாள். எதிர் வரிசையில் பின்சந்து மேரி முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து ஆரோக்கியமேரி என்று கூப்பிட்டாள்.

இரண்டு பேர் எழுந்தார்கள்.