உன் வீட்டுச் சுவர்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம். பெருநாளைக்கும் நீ கொழும்பிலிருந்து வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று உம்மாவிடம் சொன்னாயாம்.

போன கிழமை சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் பெயின்ட் உப்பி உரிகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போன பிறகுதான் தெரிந்தது, உனக்குப் பேசி வந்த மருதமுனை மாப்பிள்ளை இப்போது வேறொரு பிள்ளையைக் கலியாணம் முடித்து இருக்கும் வீடு அது.

சீமெந்துப் பூச்சுக் காயுமுன் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மூலையெல்லாம் பூஞ்சணம். சுரண்டிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து நன்றாகக் காயவிடச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஓம் மேசன், செய்வம்" என்றார். அந்தப் பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்தது. பிறகு உரிந்த சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

உனக்குச் சீதனமாக என் கையாலேயே கட்டிய வீட்டைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருமுன் உம்மா கெஞ்சினாள்: "பெயின்ட அடிச்சுப் போடுங்க. வாறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஈரச் சுவருல நான் அடிக்கமாட்டன்" என்று ஒரே பிடியாக நின்றேன். வெறுஞ் சுவரைப் பார்த்தவர்கள், நமக்கு இந்தக் கலியாணத்தில் மனமில்லை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் நீ கொழும்புக்கு வேலைக்குப் போனாய்.

உன் வீட்டுச் சுவர் எப்போதோ காய்ந்துவிட்டது. மாரி வந்தும் ஒரு கறை விழவில்லை. நான் சொன்னது சரிதான், மகள். ஆளில்லாத வீட்டின் ஜன்னல்களைத் தினமும் நான்தான் திறந்து மூடுகிறேன்.

என்ன நிறம் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்.

உன் வாப்பா