மூடி வைத்த தட்டு

என் அன்பு அத்தைக்கு,

உங்கள் முட்டி வலிக்கு இனிமேல் தைலம் தேட வேண்டியதில்லை. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைச் சாவகாசமாகப் பேசலாம். போன ஞாயிற்றுக்கிழமை நம் சாமு திருவிருந்தில் அப்பம் வாங்கிச் சாப்பிட்டான். வரிசையில் நின்று, பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு, எல்லோரையும் போல.

அப்பாடா என்று இருக்கிறது அத்தை. உங்கள் பெரிய பிள்ளை, என் வீட்டுக்காரர், அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கிவிட்டார். பரீட்சை எழுதினது தம்பி, களைத்துப்போனது அண்ணன்.

இந்தக் கடிதத்தைச் சபை மலரில் போடப் போகிறார்கள். உங்களைத் தெரியாத புதுக் குடும்பங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன, பருத்திப்பட்டு ஏரி ஓரத்து அடுக்குமாடிகளில் இருந்தெல்லாம் வருகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் மறுபடி சொல்வேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். உயிரோடு இருந்தபோதுதான் கேட்கவில்லை.

உங்கள் சின்னப் பிள்ளை சாமுவுக்கு இருப்பதை டாக்டர்கள் டவுன் சிண்ட்ரோம் என்பார்கள். நீங்கள் அந்தப் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. யார் விசாரித்தாலும், "என் சின்னவன் கொஞ்சம் மெதுவா வருவான்" என்பீர்கள். ஏதோ அவன் ஆவடி ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்துகொண்டிருப்பதைப் போல.

நம் சபையில் திடப்படுத்தல், அதாவது விவரம் தெரிந்த வயதில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு, பெற்றவர்களுக்குத்தான் திருவிருந்து. அதற்கு விசுவாசப் பிரமாணம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், கட்டளைகள் சொல்ல வேண்டும், ஆயர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பருத்திப்பட்டில் சாமி கும்பிட்டு வளர்ந்த நான், கல்யாணத்துக்கு முன்னால் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ரயிலில் தொங்கிக்கொண்டே அத்தனையும் உருப்போட்டு ஒப்பித்துவிட்டேன். பந்தியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. நம் ஆலயத்தின் மணியோசையிலேயே பிறந்து வளர்ந்த சாமுவுக்கு, இரண்டாவது வரிக்கு மேல் ஓடவில்லை. அவன் வெளியே.

ஒவ்வொரு தடவையும் அவன் போய் மண்டியிட்டுக் கையை நீட்டுவான். ஆயர் அப்பம் தராமல் தலைமேல் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார், சின்னக் குழந்தைகளுக்குச் செய்வது போல. மீசை நரைக்க ஆரம்பித்த மனிதனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவன் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருப்பான். நீங்கள்தான் எழுப்பிக் கூட்டி வருவீர்கள்.

அப்புறம் நீங்கள் போவதையே நிறுத்திவிட்டீர்கள். "முட்டி வலிக்குது, என்னால மண்டி போட முடியல" என்று அவனோடு கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டீர்கள். நானும் தைலம் தேய்த்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமை ஆனால் மாப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே முட்டியை ஊன்றி வீடு முழுக்கத் துணியால் துடைப்பீர்களே, அது என்ன வலி? ஒருநாள் இவரிடம் கேட்டேவிட்டேன். "எங்கம்மாக்கு முட்டியும் வலிக்கல, மண்ணும் வலிக்கல. அவன் துன்னாம அவங்க துன்ன மாட்டாங்க. ஊட்லயே அப்டித்தான" என்றார். அதோடு தைலக் கதை முடிந்தது. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டிலேயே அப்படித்தான், ஆமாம். சேக்காட்டில் நம் வீட்டில் நடந்த வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கிறது. ஜெபம் முடிந்து, பாட்டு முடிந்து, சேமியா உப்புமா வாசனை மூக்கைத் துளைக்கும்போது நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். "யாரும் கை வெக்காதீங்க. கம்பெனிலருந்து ஆளுங்க வந்துகினு கீறாங்க!" ஷிப்ட் முடிந்து கடைசி ஆள் வந்து கை கழுவும்வரை யாருக்கும் ஒரு வாய் கிடையாது. பஸ் கிடைக்காமல் ஒருவர் ரொம்பத் தாமதித்தால், அவர் பங்கை முதலில் எடுத்துத் தட்டில் வைத்து மூடிய பிறகுதான் எங்களுக்கு. அந்தத் தட்டை மூடுவது சாமுவின் வேலை. மூடிமேல் கையை வைத்துக்கொண்டு காவல் இருப்பான். யாராவது சீண்டினால், "இன்னும் வர்ல" என்று முறைப்பான். அவன் தட்டைத் தாண்டி யாரும் ஒரு பருக்கை எடுத்ததில்லை.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். கூட்டமும் நின்றுவிட்டது.

இந்த வருஷம் திடப்படுத்தலுக்குப் பெயர் கேட்டபோது சாமுவின் பெயரைக் கொடுத்தேன். புதிதாக வந்திருக்கும் ஆயர் இளம் வயது, உடனே சரி என்றார். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிதான் இடித்தது. செயலர் தேவராஜ் அண்ணன் ஒரேயடியாகத் தலையை ஆட்டிவிட்டார். உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு கடைசியாக ஓடி வருவாரே, அதே தேவராஜ் அண்ணன்.

"இன்னா செல்வி, அவன் மேல எனக்கு இன்னா கோவம்? நான் தூக்கி வளத்த புள்ள. இன்னான்னு தெரியாம சாப்ட்டா அது சாப்புடறவனுக்கே கேடுன்னு அப்போஸ்தலர் எழுதி வெச்சிகீறாரே. நாளைக்கி ஆண்டவர் கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவர் நிஜமாகவே பயந்துபோய்த்தான் பேசினார், அது தெரிந்தது. ஆனால் என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "அத்தைக்கு ஆஸ்பத்திரில குடுத்தப்ப எங்க போச்சு இந்தக் கேள்வி?" என்று எழுந்துவிட்டேன். கடைசி நாட்களில் உங்களுக்கு எங்கள் பெயர் தெரியவில்லை அத்தை. உங்கள் பெயரே உங்களுக்குத் தெரியவில்லை. பழைய ஆயர் வந்து, அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்து உங்கள் நாக்கில் வைத்தார். பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது இதே தேவராஜ் அண்ணன். யாரும் உங்களிடம் பிரமாணம் சொல்லச் சொல்லவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போன பிறகு சாமுவை விட்டுவிட்டு நீங்கள் சாப்பிட்டது அந்த ஒரு நாள்தான், அதுவும் தெரியாமல். "அன்னிக்கு அவங்க மனுஷி இல்லியா? தெரிஞ்சாத்தான் மனுஷனா?" என்று கத்தினேன். இவர் என் புடவை முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஆயர் இரண்டு பேரையும் கையமர்த்தினார். புதன்கிழமை வகுப்புக்கு எல்லோரும் வந்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம் என்றார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஆதித் திருச்சபையைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். சாமுவையும் கூட்டிப் போனேன். வேண்டுமென்றேதான்.

ஆயர் ரொம்ப எளிமையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் ஆலயக் கட்டடம் கிடையாது, வீடுகளில்தான் கூடினார்கள். அடிமையும் எஜமானும் ஒரே பந்தி. வீட்டுத் தலைவர் விசுவாசித்தால் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் ஞானஸ்நானம், யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று எவரும் பரீட்சை வைத்ததாக எழுதியில்லை. "நாம கடவுளைத் தெரிஞ்சுக்கிட்டதால மனுஷன் ஆகல. அவர் நம்மள முதல்ல தெரிஞ்சுக்கிட்டார், தம்முடைய சாயலை நம்ம மேல வெச்சார். அந்தச் சாயல் மறதியில அழியாது, மனப்பாடத்துல அதிகமாகாது" என்றார். எனக்கு உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம் வந்தது.

பிறகு கொரிந்து பட்டணத்துக்கு வந்தார். துறைமுகம், நல்ல வியாபாரம் நடக்கிற ஊர். அங்கே சபை கூடும்போது வசதியானவர்கள் சீக்கிரம் வந்து சாப்பிட்டு முடித்துவிடுவார்களாம். கூலிக்காரர்களும் அடிமைகளும் வேலை முடிந்து வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்குமாம்.

"தட்டு மூடலியா?"

சாமுதான். எழுந்து நின்றுவிட்டான். முகத்தில் நிஜமான கோபம். யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். ஆயர் சிரிக்கவில்லை. "இல்ல சாமு, மூடல. அதுக்குத்தான் அப்போஸ்தலர் அவங்களைத் திட்டி எழுதினார்" என்றார். இன்னதென்று நிதானித்து அறியாமல் சாப்பிட்டால் கேடு என்ற எச்சரிக்கை அந்த இடத்தில்தான் வருகிறது, அது ஒன்றும் தெரியாதவர்களுக்கு எழுதியதல்ல, எல்லாம் தெரிந்தும் மற்றவர்களை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு எழுதியது, கடைசியில் அவர் சொல்வதெல்லாம் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான், என்று விளக்கினார். வகுப்பு முடியும்வரை தேவராஜ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் நம் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன், கொஞ்சம் விறைப்பாகத்தான். சாமுவின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தட்டிக்கொண்டே, "எனக்காக எத்தினி நாளு மூடி வெச்சிகினு குந்தினு இருந்த, இல்ல?" என்றார். சாமு, "லேட்டு" என்றான். "ஆமாண்டா, லேட்டுதான். பேராயருக்குப் போற லிஸ்ட்ல உம் பேரையும் சேத்துட்டேன். கமிட்டி ஒத்துகிச்சி செல்வி" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போன ஞாயிறு பேராயர் வந்தார். உங்கள் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? திடப்படுத்துவதற்குப் பேராயர் தலைமேல் கையை வைத்ததும், இன்றைக்கும் வெறும் கைதான் என்று நினைத்துவிட்டான். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, "கை வாணாம். குடு" என்று உள்ளங்கையை நீட்டினான். இவர் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவார் போல இருந்தது. பேராயருக்கு என்ன புரிந்ததோ, "குடுக்கிறேன் சாமி, இன்னிக்குக் கண்டிப்பா உண்டு" என்று சொல்லி, அவன் அனுமதி கேட்டு மறுபடி கையை வைத்தார்.

அப்புறம் திருவிருந்து. நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டேன். நம் ஆயர் அவன் கையில் அப்பத்தை வைத்தார். சாமு அதைப் பார்த்தான், இரண்டாகப் பிட்டான், பாதியை வாயில் போட்டுக்கொண்டான். மீதிப் பாதிமேல் இன்னொரு கையைக் கவிழ்த்து மூடினான்.

"சாமு, அதையும் சாப்புடு" என்று நான் கிசுகிசுத்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"அம்மா இன்னும் வர்ல."

அத்தை, பாத்திரத்தோடு அடுத்து நின்றது தேவராஜ் அண்ணன். அவர் நகரவில்லை. வரிசையில் இருந்த யாரும் நகரவில்லை. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். அத்தனை பேரும் சாமுவுக்காகக் காத்திருந்தார்கள். நீங்கள் வாசலைப் பார்த்து நின்றபோது நாங்கள் காத்திருந்ததைப் போல, ஆனால் ஒருவர்கூட முணுமுணுக்காமல்.

ஆயர் அவன் முன்னால் குனிந்தார். "அம்மா அங்கே பந்தியில உக்காந்துட்டாங்க சாமு. நீ சாப்பிட்டாத்தான் அவங்க சாப்பிடுவாங்க. உனக்குத் தெரியாதா?" என்றார்.

அது அவனுக்குத் தெரியும். கையைத் திறந்து, மீதிப் பாதியையும் சாப்பிட்டான். நான் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே அழுதுகொண்டிருந்தேன். எனக்கு முட்டி வலி என்று நினைத்தார்களோ என்னவோ.

அங்கே உங்களுக்குப் பெயர்களெல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டனவா? என் பெயர் ஞாபகம் வந்துவிட்டதா? வராவிட்டாலும் பரவாயில்லை அத்தை, இப்போது எனக்கு அதில் பயமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமையில் இருந்து நம் வீட்டில் மறுபடி ஜெபக் கூட்டம். உப்புமா நான்தான் கிண்டுவேன், உங்கள் கைப்பக்குவம் வராது, குறை சொல்லாதீர்கள். கடைசி ஆள் வந்து கை கழுவும்வரை யாரையும் தொடவிட மாட்டேன், இது சத்தியம். சாமு தட்டை மூடிப் பிடித்துக்கொள்வான். நீங்களும் அங்கே எங்கள் தட்டுகளை மூடி வையுங்கள். எங்களுக்கு இன்னும் ஷிப்ட் முடியவில்லை. முடிந்ததும் வந்துவிடுகிறோம்.

உங்கள் சாமுவின் அண்ணியும், வாயாடி மருமகளுமான,
செல்வி