செவ்வாயின் பனியும் விட்டுப்போன பெயரும்

அன்பு மச்சான் சேகர்,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஏழு மாதமாகிறது. நம் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. உனக்கு அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க் கிரகத்தின் துருவத்தில் குளிர்காலத்தில் கரியமில வாயு உறைபனியாகப் படியும். விண்கலம் அளந்த அகச்சிவப்புக் கதிர்களை வைத்து அந்தப் பனியைத்தான் நாம் ஆராய்ந்தோம். சில இடங்கள் மட்டும் நம்பவே முடியாத குளிராகத் தெரிந்தன. "கருவிக் கோளாறுப்பா, தூக்கிப் போடு" என்றார் நம் பிஹெச்.டி. கைடு.

நீ விடவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் கம்ப்யூட்டர் தாளை என் மடியில் விரித்தாய். "கோளாறுன்னா ஒரே மாதிரி இருக்கணும் மச்சான். இது நாலு நாள்ல நகந்துகினு போவுது பாரு. அங்க புதுசா பனி விழுந்துகீது. பொடிப் பனி கதிரைக் கம்மியா வுடும், அதான் அவ்ளோ குளிரா காட்டுது." இரண்டு வருடம் கணக்குப் போட்டாய். நான் வரைபடம் வரைந்தேன், அவ்வளவுதான்.

கட்டுரையில் முதல் பெயர் கைடுடையது. அடுத்தது என்னுடையது. உன் பெயர் இல்லை. கைடிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "செத்தவனுக்கு எதுக்குப்பா பேப்பர்? உனக்காவது வேலைக்கு உதவும்" என்று ஜாங்கிரியை நீட்டினார். "தேங்க்ஸ் சார்" என்று வாங்கித் தின்றேன். அவர்மேல் உள்ள அருவருப்பு பெரிதா, அந்தத் தேங்க்ஸ்மேல் உள்ளது பெரிதா?

போன ஞாயிறு உன் அப்பா கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிள் மிதித்துச் சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "சேகர் எழுதுனது புக்குல வந்துகீதாமே. காட்டு தம்பி." காட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். "எனக்கு இங்கிலீஷ் வராது. அவன் பேரு மட்டும் சர்டிபிகேட்ல பாத்துப் பழக்கம். எங்க கீது?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "போடலப்பா. நானும் சும்மா இருந்துட்டேன்."

அவர் திட்டவில்லை. அம்மா கொண்டுவந்த காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். திட்டியிருக்கக் கூடாதா?

மறுநாளே கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதினேன். உன் கையெழுத்துப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரை முதலில் போடச் சொன்னேன். நகலைக் கைடின் மேசையில் வைத்தேன்.

"உன் பிஹெச்.டி. என்ன ஆகும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

லேப் சாவியை வாங்கிக்கொண்டார். கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். என்மேல் இருந்த அருவருப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

பத்திரிகையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் மறுபடி எழுதுவேன். என்ன பதில் வந்தாலும் உன் அப்பாவிடம் நானே படித்துக் காட்டுவேன். அவர் உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலில் நின்று படிப்பேன்.

உன்னை மச்சான் என்று கூப்பிடும் தகுதியைத் திரும்பச் சம்பாதிக்கப் பார்க்கும்,
முரளி