மேற்படி

1934 செப்டம்பர் 30

மாதக் கடைசி. ரிஜிஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். கல்யாணமாகி நான்கு மாதத்தில் அவர் என்னிடம் கண்டுபிடித்த ஒரே நல்ல குணம்.

பதினொரு இடம், பதினொரு மின்சார மோட்டார். அரிசி மில், அச்சாபீஸ், ஐஸ் டிப்போ. மாதாமாதம் அவற்றைப் பரிசோதித்துத் தருவதாக முதலாளி பஞ்சாட்சர முதலியார் ஒப்பந்தம் எடுத்திருக்கிறார். பரிசோதிப்பது இவர் வேலை.

"மாம்பலம் அச்சாபீஸ்?" என்றேன்.

"மேற்படி."

"ஐஸ் டிப்போ?"

"அதுவும் மேற்படிதான். எல்லாத்துக்கும் போட்டுடேன், ஜானு."

மேற்படி என்றால் போன மாதத்து எண்ணேதான். அதற்கு ஒரு குறி உண்டு: ௸. வாலைச் சுழித்து அழகாகப் போட எனக்கு வரும். பதினொன்று போட்டேன். அவர் பார்க்காமலே கையெழுத்திட்டார்.

அக்டோபர் 1

௸.

அக்டோபர் 18

விடாத மழை. கச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீராம். ஜன்னல் வழியாகத் தெரிவது எதிர்வீட்டுச் சுவர் மட்டும். பாசி பிடித்திருக்கிறது.

வாசகசாலையிலிருந்து வந்த புஸ்தகத்தை மாமியார் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். "படிச்சுண்டே இருந்தா அடுப்பு தானா எரியுமோ?" என்கிறார். எரியாதுதான். ஆனால் எரிகிற அடுப்பைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

வேறு அச்சடித்த காகிதம் அகப்படாமல், அவர் பையில் மெக்கரோடு கிடந்த இங்கிலீஷ் கையேட்டைப் படித்தேன். மெக்கர் என்பது கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. மோட்டார் ஓடாதபோது அதன் செப்புச் சுருளில் ஒரு கம்பி, இரும்பு உடம்பில் ஒரு கம்பி மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், முள் ஓர் எண்ணைக் காட்டும். சுருளின் மேலுறை எவ்வளவு திடமோ அவ்வளவு பெரிய எண். உறை நைந்தால், ஈரம் ஏறினால், எண் இறங்கும். ஒன்றுக்குக் கீழே போனால் மோட்டாரை ஓட்டவே கூடாது. மின்சாரம் உடம்புக்குக் கசியும்.

ஒரு வாக்கியம் மனத்தில் நின்றுவிட்டது: ஒரு நாள் பார்த்த எண் ஒன்றும் சொல்லாது, பல மாத எண்களை வரிசையாக வைத்துப் பார்.

அக்டோபர் 31

வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

மாம்பலம் அச்சாபீஸ். மே வரை எழுதியவர் யாரோ ஒரு நாயுடு. ஜனவரி 20. பிப்ரவரி 17. மார்ச் 14. ஏப்ரல் 11. மே 8. ஜூனில் இவர் வேலைக்குச் சேர்ந்தார், நான் இந்த வீட்டுக்கு வந்தேன். அப்புறம் ௸, ௸, ௸, ௸.

இறங்கிக்கொண்டே வந்த எண், என் கையெழுத்து வந்ததும் இறங்குவதை நிறுத்திவிட்டது!

"ஏன்னா, இந்த அச்சாபீஸ் மோட்டார்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ரிஜிஸ்டர எழுது. மோட்டார நான் பாத்துக்கறேன்."

எழுதினேன். ௸.

நவம்பர் 5

அவருடைய கோட்டைத் தோய்க்கும்போது தோன்றியது. ஐந்து மாதமாகத் தோய்க்கிறேன். ஒரு பொட்டு எண்ணெய்க் கறை கண்டதில்லை.

நவம்பர் 12

பத்து மணிக்கு வாசலில் ஓர் ஆள். அவர் ஆபீஸ் போயாகிவிட்டது, மாமியார் கோயிலில்.

"ஐயரு கீறாராம்மா? நான் முருகையன். மாம்பலம் அச்சாபீசுல மோட்டாருக்கு எண்ணெ ஊத்தறவன்."

என்ன விஷயம் என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"மோட்டாரு மேல கை பட்டா சுருக்குன்னு கடிக்குதும்மா. மேனேஜராண்ட சொன்னா, 'நரம்புத் தளர்ச்சிடா, பீடிய விடு'ன்றாரு. நானும் விட்டுப் பாத்துட்டேன். பீடி என்ன வுட்டுது, மோட்டாரு வுடல."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பிறகு சொன்னான்: "மழ வந்ததுலேர்ந்து தரை பூரா ஈரம். அதுல நின்னுகினுதான் ஊத்தணும். தெனம் வூட்ல சொல்லிக்கினுதாம்மா கெளம்புறேன். ஐயர ஒருதபா வந்து பொட்டிய வச்சுப் பாக்கச் சொல்லுங்க. அவரு வர்றாரு, வாசல்ல நின்னு வெத்தல போடுறாரு, பூடுறாரு."

சொல்கிறேன் என்றேன். அவன் அந்தக் கதவைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

நவம்பர் 13

சொன்னேன். "மழைக் காலத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார். காபி டம்ளரை இடது கையில் பிடித்திருந்தார். எப்போதும் இடது கைதான். இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

நவம்பர் 14

௸.

நவம்பர் 21

கேட்டேவிட்டேன். "நீங்க அந்த மோட்டாரத் தொட்டுப் பாத்தேளா, இல்லையா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே பளபளவென்று தழும்பு. தீபாவளி மத்தாப்புச் சுட்டது என்று பெண் பார்க்க வந்த அன்றே மாமியார் சொல்லியிருக்கிறார். மத்தாப்பு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் செங்கல்பட்டு மில்லில் மோட்டார் பிடித்து இழுத்திருக்கிறது. கூட இருந்தவன் உலக்கையால் தட்டிவிடாவிட்டால்...

"மோட்டார்கிட்ட போனாலே கை நடுங்கறது, ஜானு. மெக்கர் கைப்பிடியச் சுத்த முடியல. வெளில சொன்னா வேலை போயிடும். அப்பறம் திருச்சில அண்ணா ஆத்துல கையக் கட்டிண்டு நிக்கணும். நீயும்தான்."

திருச்சி. அந்த வீட்டை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பதினான்கு பேர். ஜன்னல்கூடக் கிடையாது. வாசகசாலை ஏது?

பாவம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே முருகையனை நினைத்தேன். அவனைத் தட்டிவிட யார் உலக்கையோடு நிற்கிறார்கள்? சொன்னால் இவர். சொல்லாவிட்டால் அவன். எனக்கு மட்டும் ஏன் இது? நான் என்ன செய்தேன்? சும்மா எழுதினேன், அவ்வளவுதானே!

இல்லை. எழுதினேனே.

நவம்பர் 30

காலையில் ரிஜிஸ்டர். பத்து இடம் ஆயிற்று. கடைசியாக மாம்பலம் அச்சாபீஸ்.

"மேற்படி" என்றார், சட்டை மாட்டிக்கொண்டே.

குறி போடப் பேனாவை வைத்தேன். கை எழுதியது: பார்க்கவில்லை.

மையை ஒற்றி எடுத்து நீட்டினேன். பார்க்காமலே கையெழுத்திட்டுக் கொண்டுபோய்விட்டார். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். கூப்பிட்டிருக்கலாம்.

டிசம்பர் 1

கூப்பிட்டிருக்கலாமோ.

டிசம்பர் 4

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். மாமியார் சமையலறைக்குப் போகிறவரை காத்திருந்து சொன்னார்.

௸ வரிசையின் கடைசியில் ஒரு சொல் நின்றதால் முதலியார் கண் அதில் போய் விழுந்திருக்கிறது. உடனே வேறோர் ஆளை மெக்கரோடு அனுப்பியிருக்கிறார். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முள் அசையவே இல்லையாம். பூஜ்யம். கசிவதை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த்துக் கம்பியும் ஈரச் சுவருக்குள் இற்றுப்போயிருந்ததாம். இன்னும் நாலு நாள் ஓடியிருந்தால் யாராவது செத்திருப்பான் என்றாராம் வந்த ஆள். யாராவது என்ன, முருகையன்.

"எனக்கு அர்ச்சனை நடந்தது. அப்பறம் முதலியார், 'பாக்காதத பாக்கலன்னு எழுதற தைரியமாவது இருந்துதே, சந்திரமௌலி'ன்னார்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் கையெழுத்து கீழ இருந்தது. ஆமான்னு சொல்லிண்டு நின்னேன்."

வேலை போகவில்லை. ஆனால் இனி ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்து ஆள் ஒருவன் பக்கத்தில் நிற்க, இவர் கையாலேயே சுற்றிப் பார்க்க வேண்டுமாம். ரிஜிஸ்டரை ஆபீஸிலேயே எழுத வேண்டுமாம்.

"இனிமே அது ஆத்துக்கு வராது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிசம்பர் 5

அவர் பேசவில்லை.

டிசம்பர் 6

௸.

டிசம்பர் 22

மார்கழிக் குளிர். எதிர்வீட்டுச் சுவரில் பாசி காய்ந்து கறுத்துவிட்டது. புஸ்தகம் அரிசி டின்னுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை. மாதத்தில் ஒரு நாள் பதினொரு இடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன், இருந்த இடத்திலிருந்தே. அதுவும் போயிற்று. போக்கியது நான்தான்.

டிசம்பர் 31

மாதக் கடைசி. எழுத ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் கோட்டைத் தோய்க்க எடுத்தேன். வலது கை நுனியில் கறுப்பாக எண்ணெய்க் கறை. சோப்புப் போட்டும் போகவில்லை. ரொம்பவும் தேய்க்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மாம்பலம் அச்சாபீஸ். உலர்த்தி, வார்னிஷ் போட்டுத் திரும்ப மாட்டியாச்சு. நான் கைப்பிடியச் சுத்தறச்சே முருகையன் என் முழங்கையப் பிடிச்சுண்டான். பதினெட்டு."

நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். "யாருடா அது முருகையன்?" என்றார் மாமியார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் விட்டேன்.

எழுத ரிஜிஸ்டர் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

மாம்பலம் அச்சாபீஸ், டிசம்பர்: 18.