கருமத்தம்பட்டியில் இறங்கியபோது

786

கோவை,
11.5.1996

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை சாஜிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கோபியில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

உன் கடிதங்கள் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்தால் பாதியில் என்ன சொல்ல வந்தேன் என்பது போய்விடுகிறது. இதையும் விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன்.

மார்பை எடுத்த இடம் ஆறிவிட்டது. கீமோ ஊசியெல்லாம் முடிந்து, முடி சுருள் சுருளாக முளைத்திருக்கிறது. பெரியவன் ரைஹான் தடவிப் பார்த்துச் சிரிக்கிறான். கட்டி எங்கேயும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று என் வீட்டுக்காரர் தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார்.

ஆனால் அக்கா, என் தலைக்குள் ஏதோ போய்விட்டது. தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒருநாள் உப்பு என்ற சொல் வரவில்லை. அந்த வெள்ளைப் பொடியை எடு என்றேன். ரைஹான் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். டாக்டரிடம் சொன்னால், "அதெல்லாம் பயத்துல வர்றதுங்கம்மா, மனசைத் தைரியமா வெச்சுக்குங்க" என்கிறார். நான் பயப்படவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

பக்ரீத் முடிந்து சின்னவள் ஹுமேராவை அழைத்துக்கொண்டு சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். திருப்பூர் பஸ். பிள்ளை ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். சின்னம்மாவின் ஊர் கருமத்தம்பட்டி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் போய்விட்டது.

எதையோ விட்டுவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. பையைத் திறந்து பார்த்தேன். குடை இருந்தது. பர்ஸ் இருந்தது. கொய்யாப்பழம் விற்கும் கருப்பாத்தாள் என்ற அம்மா, "ஏனுங்கம்மணி, என்னத்தைத் தேடறீங்க?" என்று கேட்டார். தெரியலைங்க என்றேன். அவர் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், அக்கா, எனக்கு நினைவு வந்தது.

அங்கே டீக்கடை வைத்திருக்கும் காளிச்சாமி அண்ணன் தன் வண்டியில் என்னை அவிநாசிக்குக் கொண்டுபோனார். அழுத பிள்ளையைக் கண்டக்டர் அங்கே பஸ் ஸ்டாண்டு ஆபீசில் விட்டுப் போயிருந்தார். உள்ளே இருந்தவர், "கொழந்தை பேரென்னங்க?" என்றார். எனக்கு வரவில்லை. "பெத்தவளுக்குப் பேரு தெரியாதுங்களா?" என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவள்தான் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

இவரிடம் சொன்னேன். "ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்போடாதே" என்றவர், அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. வேலைக்குக் கிளம்பும்போது காஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் போகிறார்.

ஹுமேராவோ வெளியே போனால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்மா ஹுமேரா, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். ஐந்து வயதுப் பிள்ளை என்னைக் காவல் காக்கிறது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

ரைஹான் பெரியவன், சமாளித்துக்கொள்வான். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நீ வந்து இவளை அழைத்துப் போ. உன் தெருப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடு. பால் குடிக்க அடம்பிடிப்பாள், ஆற்றிக் கொடுத்தால் குடிப்பாள். இடி இடித்தால் காதைப் பொத்தி மடியில் வைத்துக்கொள். உன்னை அம்மா என்று கூப்பிட்டால் திருத்தாதே.

அல்லாஹ் உன் வீட்டில் எந்தக் குறையும் வைக்காமல் இருக்கட்டும். வரும்போது ஒன்று மட்டும், அக்கா. என் முகத்தைப் பார்த்து, "நெசமாத்தான் சொல்றியா சாஜிதா?" என்று கேட்டுவிடாதே. கேட்டால் அனுப்பமாட்டேன்.

வஸ்ஸலாம்.
உன் தங்கை,
சாஜிதா பேகம்