பறக்கப் பயந்த சூனியக்காரி

புத்தகத்தைத் திறந்தால் இன்னும் கிராம்பு வாசனை வருகிறது. ஆபீஸ் வேன் கிளம்பினாலே உனக்குக் குமட்டும். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, மடியில் இந்தத் தடிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நேற்று நான் இதைப் படித்து முடித்துவிட்டேன். முடித்ததும் மணலை உதறிப் பைக்குள் போட்டேன். வேறொன்றும் தோன்றவில்லை. சே, இதற்காகவாடி இத்தனை மாசம் எங்களை ஏங்க வைத்தாய்?

நீ போன நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலுக்கு வந்தபோது உங்கம்மா இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். "எந்நேரமும் இதத்தான் கைல வச்சினு இருப்பா. எனக்கு இங்கிலீசு தெரியாது. நீயாச்சும் படிம்மா" என்றார்கள். வாங்கிக்கொண்டேன். நெய்ச்சோறு சாப்பிட்டேன், கை கழுவினேன், வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி மரத்துக் கிடக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. உன் கதையில் வந்த நம்மாளு என்ன ஆனாள்?

சிறுசேரியிலிருந்து வேன் திருப்போரூர் தாண்டும்வரை எல்லோரும் போனில் பேசிக்கொண்டிருப்போம். அதற்குப் பிறகு நீ புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்ல ஆரம்பிப்பாய். டிரைவர் அண்ணன் ரேடியோவை அணைத்துவிடுவார். சூனியக்காரிகள் கதை. ராஜாவின் ஆட்கள் அவர்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள், அவர்கள் துடைப்பத்தில் ஏறித் தப்பிக்கிறார்கள். எனக்கு முதலில் பெரிதாக ஒட்டவில்லை. ஒருநாள் அவளைக் கொண்டுவந்தாய்.

"மத்தவளுங்கல்லாம் தொடப்பத்துல ஏறிப் பறக்கறாளுங்க. இவ ஒருத்தி மட்டும் அதக் கைல புடிச்சினு நடந்தே வரா. இன்னாடின்னு கேட்டா, மேல போனா தல சுத்துதாம்!"

வேனே சிரித்தது. "அவதான்மா நம்மாளு!" என்றார் டிரைவர் அண்ணன். அந்தப் பேரே அவளுக்கு நின்றுவிட்டது. சண்டை எங்கே நடந்தாலும் நம்மாளு நடந்து வந்து சேர்வதற்குள் முடிந்திருக்கும். அடிபட்டுக் கிடப்பவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவாள், தலை வாரிவிடுவாள். 'சூனியக்காரின்னா எங்க, ஒரு மந்திரம் போடு பாப்போம்' என்று ராஜாவின் சிப்பாய் ஒருத்தன் மிரட்டியபோது, 'மொதல்ல கால கழுவினு உள்ள வா, அப்புறம் போடறேன்' என்றாளே, அன்றைக்கு டிரைவர் அண்ணன் சிரித்த சிரிப்பில் வேன் நின்றே போனது.

"இருட்டுல எப்படிடி எழுத்து தெரியுது உனக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பழகிப்போச்சு. நடுவுல பேசாத" என்றாய்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை கதையில் எல்லாச் சூனியக்காரிகளையும் பிடித்துக் கடலுக்கு நடுவே ஒரு தீவில் அடைத்துவிட்டார்கள். துடைப்பங்களை ஒடித்துப் போட்டார்கள். வழக்கம்போல் லேட்டாக வந்ததால் நம்மாளு மட்டும் மாட்டவில்லை. கரையில் வந்து நிற்கிறாள். கையில் துடைப்பம். கடலில் நடக்கவும் முடியாது. ஏறுவாளா, மாட்டாளா? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. டப்பென்று புத்தகத்தை மூடினாய். "மீதி திங்கக்கெழம!" என்று இறங்கிப் போனாய். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்றார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் நீ இல்லை.

அதனால்தான் படித்தேன். அடி அம்மாடி, என்ன ஒரு மட்டமான புத்தகம்! கதாநாயகிக்குப் பதினேழு வயது. சாம்பல் கண் இளவரசனா, பச்சைக் கண் இளவரசனா என்று பக்கம் பக்கமாகக் குழம்புகிறாள். மந்திரம் சொல்வது நம் மேனேஜர் மெயில் எழுதுவதுபோல இருக்கிறது. வாலிபப் பிள்ளைகளுக்கான கதை, எனக்குத்தான் வயதாகிவிட்டதோ என்றுகூட யோசித்தேன். அதெல்லாம் இல்லை. பிள்ளைகளும் பாவம்தான். நான் நம்மாளைத் தேடிக்கொண்டே போனேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு வரியில் இருக்கிறாள். சமையல்கட்டில் இருந்த ஒருத்திக்கு உயரம் என்றால் பயம், மற்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். அடுத்த வரியில் இளவரசன் வந்துவிடுகிறான். பிறகு அவள் வரவேயில்லை. தீவும் இல்லை, சிறையும் இல்லை. கடைசியில் கல்யாணம்.

கடைசி அத்தியாயத்தை எங்கள் அம்மா வீட்டுக்குப் போனபோது, மாமல்லபுரத்துப் பக்கம் எங்கள் மீனவக் குப்பத்து மணலில், அப்பாவின் போட் நிழலில் உட்கார்ந்து முடித்தேன். ஒருமுறை நீ வந்தபோது இதே இடத்தில்தான் அப்பா, "ஏறும்மா, அலைய தாண்டி ஒரு ரவுண்டு போய்னு வரலாம்" என்று கூப்பிட்டார். நீ என் கையை நசுக்கிக்கொண்டு, "வேணாம்பா, நீங்க தண்ணில போங்க, நான் கரையிலேயே நடந்துகினு வரேன்" என்றாய். சொன்னபடி நடந்தும் வந்தாய், வெயிலில். அப்பா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். நேற்று சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, வலையைப் பிரிக்கப் போய்விட்டார்.

மறுபடி அந்த ஒரு வரியைத் தேடி எடுத்தேன். அதே பக்கத்தில் உன் டவுன் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதுவரைக்கும்தான் பக்கங்களில் மூலை மடிந்திருக்கிறது, கிராம்புத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அதற்கப்புறம் முகர்ந்து பார்த்தேன். வெறும் காகித வாசனை. நீ அதைத் தாண்டிப் படிக்கவேயில்லை. உனக்கும் பிடிக்கவில்லை! தூக்கி எறிய வேண்டிய புத்தகத்தைத் தினம் மடியில் பிரித்து வைத்துக்கொண்டு, சொந்தமாகக் கதை கட்டி எங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறாய். கேடி!

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அப்படியானால் அவள் கடலைத் தாண்டினாளா இல்லையா என்பது எந்தக் கடையிலும் கிடைக்காது என்று மட்டும் நினைத்துக்கொண்டு, மணலை உதறிப் புத்தகத்தைப் பைக்குள் போட்டேன்.

நீ போன பிறகு வேனில் யாரும் பேசுவதில்லை. ரேடியோ ஓடும். நானும் இந்த மாசத்தோடு வேனை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தேன். இன்று சாயங்காலம் திருப்போரூர் தாண்டியதும் டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இன்னாமா, புக்கு உங்கிட்டதான் கீதாமே. முடிச்சிட்டியா? நம்மாளு தாண்டினாளா இல்லியா?"

அப்படி ஒருத்தி இதில் இல்லை அண்ணே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பறக்கல அண்ணே" என்றேன். "கரையில ஒரு பழைய கட்டுமரம் கெடந்துச்சு. அத இழுத்துப் போட்டு ஏறிட்டா."

"துடுப்பு?"

"கைல தொடப்பம் இருக்குதே. அதால தள்ளினு போறா."

"அட, ஆமால்ல!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். ரேடியோவை அணைத்தார். பின்சீட்டில் ஒரு பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். நான் புத்தகத்தை எடுத்து மடியில் பிரித்து வைத்துக்கொண்டேன். கோபப்படாதேடி, நீ ஏற மாட்டேன் என்ற படகில் அவளை ஏற்றிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான். முதல் அலையில் அவள் கண்ணை மூடிக்கொண்டதையும், உங்கம்மாவைக் கூப்பிடுவாயே அதே மாதிரி "யம்மோவ்" என்று கத்தியதையும் சொன்னேன். என் குரல் என் குரலாகவே இல்லை.

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. அவள் நடுக்கடலில் இருக்கிறாள். தீவு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. யாரும் இறங்கவில்லை.

"அப்பால?" என்றார் அண்ணன்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. புத்தகத்தை மூடினேன்.

"மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு நான் வேனுக்கு வந்தாகணும்.