பொருந்தாத மட்கார்டு

மட்கார்டுகளைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் மறுபடியும் ஊறவைத்தேன். பழைய டூத் பிரஷால் மறுபடியும் தேய்த்தேன். இந்த ரெசின் வாடை மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய எண்ணெய் துளி இருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது என்று எனக்கே சொல்லுவாய் நீ. கம்பெனி பெயிண்ட் ஷாப்பிலேயே தலை நரைத்தவனுக்கு! என் கையெல்லாம் இப்போது உன் மாடி அறை மாதிரி நாறுகிறது. மோந்து பார்க்கிறேன், திரும்பவும் தேய்க்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான்.

நீ ஆர்டர் போட்ட பார்சல் இது, மாப்ள. நீ போன பிறகு வந்து சேர்ந்தது. நம் பொம்மை ரேஸ் காருக்கு அகலமான மட்கார்டு நான்கு, முன் பம்பர் ஒன்று. உன் பெண்டாட்டிக்கு, என் தங்கச்சிக்கு, அதைப் பிரிக்கக்கூட மனசில்லை. நீ பாதியில் விட்ட காரோடு சேர்த்து அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் நீட்டினாள். "முதல் தெவசத்துக்குள்ள முடிச்சுக் குடுங்கண்ணா. போட்டோ பக்கத்துல வெக்கணும். வேற எதுக்கும் அவரு இப்பிடி ஆசைப்பட்டதில்ல." சரிம்மா என்று வாங்கி வந்தேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஜூஜுவாடியில் உன் வீட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் அங்கேதான். ஹைவேயில் கனரக லாரி போனால் மேஜை மேல் திருகெல்லாம் நகரும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், இந்த வயசுலயும் பொம்மை வெளையாட்டா?" என்பார். "சும்னிரப்பா, சும்மா இருங்க! ஹைவேல போறது மட்டும் நெசக் காரா? எல்லாம் ஈஎம்ஐ ஓடுது" என்பாய். அவர் சிரித்துக்கொண்டே நமக்கும் சேர்த்துக் காபி சொல்லிவிட்டுப் போவார்.

உன் டூல் ரூம் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. கம்பெனியில் ஷிஃப்டின் முதல் பீஸை எடுத்துப் பொருத்திப் பார்த்து ஓகே சொல்லாமல் மெஷின் ஓடாது இல்லையா, அந்தச் சட்டத்தை இந்த விளையாட்டிலும் கொண்டுவந்தாய். "பீஸ் கைக்கு வரணும். பாடில வெச்சுப் பாக்கணும். அப்புறந்தான் கத்தி." ரெசினில் வார்த்தது ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, சுருங்கும், வளையும். வெந்நீரில் போட்டு நிமிர்த்தினாலும் கொஞ்சம் தப்பும். நான் அவசரப்பட்டால் பிளேடைப் பிடுங்கி உன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். அதற்காக உன்னிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்!

அப்பேர்ப்பட்ட ஆள், பீஸ் வருவதற்கு முன்பே நான்கு சக்கரத்துக்கு மேலேயும் பாடியை வெட்டி வைத்திருக்கிறாய். பெட்டியைத் திறந்ததும் நான் நம்பவில்லை. எல்லாம் கோணல். ஒரு வெட்டு கதவுக்குள்ளேயே இறங்கிவிட்டது. வந்த மட்கார்டாவது சரியா என்றால் அதுவும் இல்லை. நம் கார் நிஜக் கார் அளவில் இருபத்துநாலில் ஒரு பங்கு, பாக்கெட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று போட்டிருக்கிறது. அதைக்கூடப் படிக்காமல் ஆர்டர் போட்டிருக்கிறாய். வைத்துப் பார்த்தால் சுற்றிலும் பிளந்துகொண்டு நிற்கிறது. புட்டி வைத்து அடைத்தேன், டயர் இடித்தது. உள்பக்கம் தேய்த்தேன், மட்கார்டு காகிதமாக மெலிந்தது. புட்டியை எல்லாம் சுரண்டிப் போட்டேன். வேறு கார் வாங்கிப் பூட்டலாம் என்றால் அந்தக் கிட் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அது நீ தொட்ட கார் ஆகாது.

கோபம் தாங்காமல் நேற்று உன் வீட்டுக்கே போய்விட்டேன். "ஏம்மா, எதுக்கு இந்த மனுசன் இப்பிடிக் கண்டபடி வெட்டி வெச்சிருக்கான்?"

தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரில கட்டின்னு சொன்ன அன்னிக்கே வெட்ட ஆரம்பிச்சுட்டாருண்ணா. பீஸ் வர்ற வரைக்கும் கை வேலை செய்யாதுன்னாரு. அப்பவே நடுங்கிட்டுத்தான் இருந்துச்சு. அண்ணனைக் கூப்பிடுங்கன்னேன். வேணாம், அவன் பாத்தா தாங்கமாட்டான்னுட்டாரு."

என்னிடம் கேஸ் ட்ரபிள் என்றாய். நானும் சோடா குடிடா என்று கிண்டல் அடித்துக்கொண்டு திரிந்தேன். நான் தாங்கமாட்டேன் என்று நீ யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? இப்போது மட்டும் தாங்குகிறேனா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாடியை நான் பிடித்துக்கொண்டிருப்பேன், நீ வெட்டியிருப்பாய். கோணலாகத்தான் வந்திருக்கும், வரட்டுமே. படுபாவி, பக்கத்திலாவது இருந்திருப்பேன்.

இது இனி முடியாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "இருக்கறபடியே வெச்சுருங்கண்ணா" என்றாள். நாளைக்குத் தெவசம். சூப்பர் க்ளூ போட்டால் பிடித்துக்கொள்ள விளிம்பே இல்லை. அதனால் நான்கு மட்கார்டையும் மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி உன் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். டேப் எத்தனை நாளுக்கு நிற்கும்? காய்ந்து கழன்றுவிடும். "அண்ணா, விழுந்திருச்சு" என்று போன் வரும். போய்ப் புதுசாக ஒட்டிவிட்டு வருவேன். அதுவும் விழும். உன்னால் எனக்கு மிச்சம் இருக்கிற வேலை இது ஒன்றுதான், மாப்ள. ஒரு டேப் சுருளை இப்போதே வண்டியில் போட்டு வைத்துவிட்டேன்.